பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதே



ஐந்தாம் தேதி வந்தால் டியூ. கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதம், அடுத்தது வசூலுக்குப் போன். ஆசைப்பட்டு எடுத்த கார் வாரத்தில் ஆறு நாள் வாசலில் உறை போர்த்தி நிற்கும்; உள்ளே மளிகைச் செலவில் கை வைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லத்தான் வேண்டும்: “வண்டியைக் கொடுத்துவிடலாம்.” இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் நாலு நாள் விசாரிப்பார்கள். டியூ கட்டப்போவது அவர்கள் அல்லவே!

சிக்கல், கொடுக்கிற விதத்தில் இருக்கிறது. “அண்ணே, கையில ஒரு லட்சம் வாங்கிக்குங்க, மீதி டியூவை நான் கட்டிக்கிறேன்” என்று தெரிந்தவர் ஒருவர் வருவார். ஒரு பத்திரத்தில் எழுதிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் தேதி போடாமல் கையெழுத்திட்டு, சாவியைக் கொடுத்துவிடுவோம். ஆர்சி-யில் ஹெச்பி, அதாவது வண்டி மீதான வங்கிக் கடனின் பதிவு, அப்படியே இருக்கும். அவர் டியூவை நிறுத்தினால் அடி விழுவது நம் சிபில் ஸ்கோரில். வங்கி தேடி வருவதும் நம் வீட்டுக்குத்தான்.

விபத்து நடந்தால் இன்னும் மோசம். 2007-இல் விற்று, பல கை மாறிய ஒரு கார் 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்சி-யில் பெயர் மாறவே இல்லை. யாருக்கு விற்றிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் எப்படி விற்பது? முதலில் வங்கியில் கடனை இன்றே முடிக்க எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் அதுவும் அதில் இருக்கும். தொடக்க வருடங்களில் நாம் கட்டுவதில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், பாக்கி நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். உதாரணமாக, பாக்கி 3,10,000. பேசிய விலை 3,60,000. வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். 3,10,000 நேராகக் கடன் கணக்கில் ஏறட்டும். வங்கியின் என்ஓசி-யும் ஹெச்பி நீக்கத்துக்கான ஃபாரம் 35-உம் கைக்கு வந்தபின் மீதி 50,000 உங்களுக்கு. விலை பாக்கியைவிடக் குறைந்தால், அந்த வித்தியாசத்தை நாம்தான் போட வேண்டும். வலிக்கும். ஆனாலும் இன்னும் மூன்று வருட டியூ, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்டிஓ அலுவலகத்தில் ஹெச்பி நீக்கம், பெயர் மாற்றம் இரண்டையும் முடிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. வண்டியை ஒப்படைக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். அன்று மாலையே ஒரு கேமரா அபராதம் வந்தால் அந்த ஒரு வரி கைகொடுக்கும். ஃபாஸ்டாக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுக்கே சொந்தம். சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு உதவும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும், எப்போதோ விற்ற பழைய வண்டி ஏதாவது இருந்தால், அதன் எண்ணைப் பரிவாகன் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால், நாளைக்கே வாங்கியவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்