டேப்ல போடற ஆப்புக்கும் ஒரு மருந்துச் சீட்டு வேணும்

போன வாரம் ஓபில ஒரு பையன். பதினோராம் வகுப்பு. தலைவலி, சரியான தூக்கம் இல்ல. கூட அம்மா. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டற குடும்பம். பார்த்து முடிச்சு, கண் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கிளம்பப் போனவங்க, பையிலிருந்து ஒரு டேப் எடுத்து மேசைல வச்சாங்க.

"ஏனுங் டாக்டர், இதுல நீட்டுக்குப் படிக்க எதைப் போடோணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போன வருசம் வீட்டுக்கே வந்து ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க. இப்ப அது தொறக்க மாட்டேங்குது. பணம் மட்டும் மாசாமாசம் பேங்க்ல இருந்து போயிட்டே இருக்குதுங்க."

விசாரிச்சா, அவங்க ஃபீஸ்னு நினைச்சது ஃபீஸ் இல்ல, கடன். விற்க வந்தவர் ஓடிபி கேட்டிருக்கார், இவங்க சொல்லியிருக்காங்க. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல மாசத் தவணை ஓடுது. எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க, சொல்லப் போறதில்ல. பிரச்சினை ஒரு கம்பெனியோட நிக்கல.

வெளிய எண்பது பேர் வரிசைல நிக்கறாங்க. ரெண்டு நிமிசத்துல சொல்லி முடியற விஷயம் இல்ல. அதான் இந்தத் திரெட்.

முதல்ல என் வண்டவாளம். பிஜி நீட்டுக்குக் காசு கட்டி ஆப் வாங்கின ஆளுதான் நானும். ரெண்டு வருசம் கட்டினேன். இன்னும் பேருக்குப் பின்னாடி எம்பிபிஎஸ் மட்டும்தான் இருக்கு. காசு கட்டறதே தப்புன்னு சொல்ல வரல. நல்ல வாத்தியார் எங்க இருந்தாலும் கொடுக்கலாம். ஆனா நான் சம்பாதிக்கற ஆளு, என்ன வாங்கறேன்னு தெரிஞ்சு வாங்கினேன். பதினாறு வயசுப் பையனுக்காக, தறிக்கூலில இருந்து, என்னன்னே தெரியாம வாங்கறது வேற கதை.

ஒரு மருந்தை உங்க குழந்தைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னவெல்லாம் கேட்பீங்க? அந்த அஞ்சு கேள்வியை ஆப்புக்கும் கேளுங்க.

ஒண்ணு, எதுக்கு இது? "எல்லாத்துக்கும்"னு பதில் வந்தா சந்தேகப்படுங்க. சர்வரோக நிவாரணி விக்கறவனை நாங்க எந்த லிஸ்ட்ல வைப்போம்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டு, நெட் இல்லாம ஓடுமா? அன்னூர், ஆனைமலைப் பக்கம் டவர் போயிட்டு வர்ற வீட்டுல, நெட் இருந்தா மட்டும் ஓடற ஆப் பாதி நாள் வெறும் ஐகான்தான்.

மூணு, பக்க விளைவு என்ன? அதாவது என்னென்ன அனுமதி கேக்குது? பாடம் நடத்தற ஆப்புக்கு உங்க காண்டாக்ட் லிஸ்ட் எதுக்கு? லொக்கேஷன் எதுக்கு? ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாசம் வெளியிட்ட அறிக்கைல 49 நாடுகள்ல பயன்படுத்தின 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ஞ்சாங்க. குழந்தைகளோட தகவலை ஆபத்துக்கு உள்ளாக்கற மாதிரி நடந்துகிட்டது 146. நம்ம மத்திய அரசோட தீக்ஷாவும் மாணவர்கள் இருக்கற இடத்தைச் சேகரிக்கக்கூடியதுன்னு அதுல இருக்கு. அதனால "இலவசம்", "கவர்மெண்ட்"னு இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தாண்டி விடாதீங்க.

நாலு, எக்ஸ்பைரி எப்போ? சந்தா முடிஞ்ச அன்னிக்குப் பையன் எழுதி வச்ச நோட்ஸ் அவன்கிட்ட இருக்குமா? மைக்ரோசாஃப்ட் மாதிரி பெரிய கம்பெனியே 2019-ல தன்னோட மின்புத்தகக் கடையை மூடினப்போ, வாங்கினவங்க புத்தகம் எல்லாம் காணாமப் போச்சு. அவங்க பணத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. உங்க வீட்டுக்கு வந்தவர் கொடுப்பாரா?

அஞ்சு, தயாரிச்சது யாரு, தப்பானா யாரைப் புடிக்கறது? அட்ரஸ் இல்லாத மாத்திரையை முழுங்க மாட்டோம்ல?

சரி, "நல்லது எதுன்னு சொல்லுங்க"ன்னு கேப்பீங்க. அந்த அம்மாவுக்கு ஓபி சீட்டுப் பின்னாடி எழுதிக் கொடுத்ததையே இங்கேயும் எழுதறேன்.

பாடப்புத்தகம். நீட் அடிப்படை என்சிஇஆர்டி. அந்தப் புத்தகங்களும் நம்ம மாநிலப் பாடநூல்களும் பிடிஎஃப்பா இலவசம். டேப்ல முதல்ல ஏற வேண்டியது இதுதான். 720 மார்க்ல 360 உயிரியல். அந்தப் புத்தகத்தை வரி விடாம மூணு தடவை படிச்ச பையனை எந்த ஆப்பும் சுலபமா முந்தாது.

வீடியோ. பள்ளிக் கல்வித்துறை 2023-ல கொண்டு வந்த மணற்கேணி. 6 முதல் 12 வரைக்கும் பாட வீடியோ, காசு கிடையாது.

மறக்காம இருக்க ஆன்கிட்ராய்டு. இலவசம், திறந்த மூலம், நெட் இல்லாம ஓடும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். தெரிஞ்ச கார்டு தள்ளித் தள்ளி வரும், தெரியாதது சீக்கிரம் வரும். படிச்சது எவ்வளவு வேகமா மறந்து போகுதுன்னு எபிங்ஹாஸ் 1885-லயே தன்னையே சோதிச்சு எழுதி வச்சதுதான் இதுக்கு அடிப்படை. ஒரு விஷயம்: கார்டைப் பையனே எழுதணும். அடுத்தவன் எழுதின கார்டு அடுத்தவன் சாப்பிட்ட சாப்பாடு.

இயற்பியல், வேதியியலுக்கு ஃபெட் சிமுலேஷன். நோபல் பரிசு வாங்கின கார்ல் வீமன் 2002-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல தொடங்கினது. பிரவுசர்லயே இலவசமா ஓடும். கணக்குக்கு ஜியோஜீப்ரா.

நெட் இல்லாத வீட்டுக்குக் கிவிக்ஸ். ஒரு தடவை வைஃபை கிடைக்கற இடத்துல விக்கிப்பீடியாவை இறக்கிட்டா, அப்புறம் டவரே வேண்டாம்.

பரீட்சைப் பழக்கத்துக்குப் பழைய நீட் வினாத்தாள். தமிழ்லயும் இருக்கு.

அவ்வளவுதான். ஆறு வரி. நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. ராத்திரி டேப் பையன் தலையணைக்கு அடியில இல்ல, ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும். அவன் தலைவலிக்கு நான் எழுதின மாத்திரையை விட இந்த ஒரு வரி அதிகமா வேலை செய்யும்னு நினைக்கறேன்.

இப்ப கோபமான பகுதிக்கு வர்றேன்.

இந்த ஆறு வரியை எழுத வேண்டியது ஒரு ஓபி டாக்டரா? 2011-ல இருந்து நம்ம மாநிலம் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்த வரலாறு இருக்கு. நல்ல திட்டம், அதைக் கேலி பண்றவங்க கூட நான் சேர மாட்டேன். ஆனா கருவியைக் கையில கொடுத்துட்டு, அதுல எதைப் போடணும்ங்கறதை வீட்டுக்கு வர்ற சேல்ஸ்மேன்கிட்ட விட்டுட்டோம். ஊசியைக் கொடுத்துட்டு, மருந்தைச் சந்தைல வாங்கிக்கோன்னு சொன்ன மாதிரி.

மருந்துல நாம இப்படியா பண்ணினோம்? 1994-ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பிச்சாங்க. கடைல ஆயிரக்கணக்குல பிராண்ட் இருந்தாலும், அத்தியாவசிய மருந்துன்னு ஒரு சின்ன பட்டியல். டெண்டர் போட்டு மொத்தமா கொள்முதல், ஒவ்வொரு பேட்சும் லேப்ல சோதனை, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு. கேரளா, ராஜஸ்தான் எல்லாம் நம்மளைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. என் ஓபில இருக்கற ஏழைக்கு இன்னிக்குச் சுகர் மாத்திரை கிடைக்குதுன்னா, அது அந்தப் பட்டியலோட புண்ணியம்.

அதே மூளையை ஆப்புக்கும் போடுங்கன்னுதான் கேக்கறேன். வருசத்துக்கு ஒரு தடவை, பத்தே பத்து ஆப். என்ன அனுமதி கேக்குதுன்னு சோதிச்சு, தமிழ்ல ஒரு பக்கம், ஒவ்வொரு பள்ளி நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டுங்க. பெரிய பட்ஜெட் வேண்டாம். "பெற்றோரே பார்த்துக்கட்டும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி: மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர்லயே ஆட்டோ டெபிட் வேண்டாம், தெரியாத கடன்ல மாட்டாதீங்கன்னு எச்சரிச்சுது. அந்த எச்சரிக்கை சோமனூர்த் தறிக்கு வந்து சேர்ந்துச்சா?

இதே நிலைல இருக்கறவங்களுக்கு: ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்தினா கடன் போயிடாது. முதல்ல கம்பெனிக்கும் ஃபைனான்ஸுக்கும் எழுத்துல புகார் கொடுங்க. நகல் வச்சுக்கோங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஃபைனான்ஸ் 30 நாள்ல பதில் சொல்லலேன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம்.

அந்த அம்மா சீட்டை நாலா மடிச்சுச் சுருக்குப் பைக்குள்ள வச்சாங்க. "இதுக்கெல்லாம் எவ்வளவு கட்டோணுங்க?"ன்னு கேட்டாங்க.

ஒண்ணும் கட்ட வேண்டாம்னு சொன்னேன். நம்பாத மாதிரிதான் பார்த்துட்டுப் போனாங்க.