கான்டாக்ட் லென்ஸா, லேசரா? கண்ணுக்கு எது பாதுகாப்பு?

கல்யாண வீடுகளில் இப்போது மணப்பெண்ணின் மேக்கப் பெட்டிக்குள் கலர் கான்டாக்ட் லென்ஸும் இடம் பிடித்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளுக்கோ 'சோடா புட்டி' என்ற கிண்டலிலிருந்து தப்பிக்க லென்ஸ்தான் வழி. கண்ணாடி இல்லாமல் பளிச்சென்று தெரிவது சந்தோஷம்தான். ஆனால், அந்த மெல்லிய வில்லை உட்காரும் இடம் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கருவிழிக்கும் காற்று வேண்டும்

கண்ணின் முன்புறம், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல மூடியிருக்கும் பகுதிதான் கருவிழி. தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இதில் ரத்தக்குழாய்கள் கிடையாது. இருந்தால் பார்வை தெளிவாக இருக்காது. அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலம் வழியாக வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் அதைக் கழுவியும் விடுகிறது.

லென்ஸ் போட்டதும் இந்த இரண்டுமே குறைகின்றன. லென்ஸோடு தூங்கினால் நிலைமை இன்னும் மோசம். மேலே இமை, அடியில் லென்ஸ் என இரட்டைப் பூட்டு. ஆக்சிஜன் குறைந்து கருவிழியின் மேல்படலம் பலவீனமாகும். அதில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

1989-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நடந்த ஆய்வு இதை எண்களில் காட்டியது. பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் அணிந்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் கழற்றாதவகை லென்ஸ் அணிந்தவர்களில் அது சுமார் 21 பேர். அதாவது ஐந்து மடங்கு!

வில்லன்கள் மூவர்

முதல் வில்லன் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரமான லென்ஸ் டப்பா இதற்குச் சொகுசு வீடு. கண்ணுக்குள் போனால் ஓரிரு நாட்களிலேயே கருவிழியை அரித்துவிடக்கூடியது.

இரண்டாவது, அகந்தமீபா. குழாய்த் தண்ணீர், கிணறு, நீச்சல்குளம் என எல்லா இடத்திலும் இருக்கும். தன்னைச் சுற்றி ஓடு போலக் கட்டிக்கொள்வதால் மருந்துக்கு எளிதில் மசியாது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

மூன்றாவது, பூஞ்சை. 2006-ல் அமெரிக்கா, சிங்கப்பூர், ஹாங்காங்கில் லென்ஸ் அணிந்தவர்களிடையே ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று பரவியது. அதோடு தொடர்புடைய ஒரு லென்ஸ் கரைசல், உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

இதையெல்லாம் தவிர்க்க...

* சோப்பால் கைகழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும்.
* லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் கழுவக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது. எச்சில் கூடவே கூடாது!
* குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிட வேண்டும். தூங்கும் முன்பு கட்டாயம்.
* நேற்றைய கரைசலின் மேல் புதிதை ஊற்றக் கூடாது. தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.
* மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவை மாற்ற வேண்டும்.
* பவர் இல்லாத கலர் லென்ஸாக இருந்தாலும் கண் மருத்துவரின் பரிசோதனை தேவை. அக்காவின் லென்ஸைத் தங்கை மாட்டிக்கொள்வது ஆபத்து.

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், மங்கலான பார்வை... இதில் எது வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோனால் கிருமியைக் கண்டுபிடிக்க உதவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து போடுவது வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று தீவிரமாகிவிடலாம். புண் ஆறினாலும் தழும்பு தங்கினால் பார்வை குறையும்; சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போகும்.

லேசர் எப்படி?

"இந்த வம்பே வேண்டாம், லேசர் பண்ணிக்கலாமா?" என்ற கேள்வி அடுத்து வரும். இந்த லேசர் கதையில் ஒரு சென்னைக்காரரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்தார். 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டின் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றியுள்ள சதை கருகாமல் துல்லியமாகச் செதுக்கியது அந்தப் புற ஊதா ஒளி. அவரும் சகாக்கள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோரும் கண்டறிந்த இந்த உத்திதான் பிற்பாடு கண் சிகிச்சைக்கு அடித்தளமானது.

லாசிக் முறையில் கருவிழியின் மேல் மெல்லிய மூடி போலத் திறந்து, அடியில் லேசரால் வளைவைத் திருத்தி, மறுபடி மூடுவார்கள். பி.ஆர்.கே. முறையில் மூடி கிடையாது. ஆறுவதற்குச் சில நாள் வலி இருக்கும். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியே மெல்லிய திசுத் துண்டை எடுப்பார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாகப் பவர் மாறாமல் இருக்க வேண்டும். கருவிழி மெலிந்தவர்கள், அது கூம்பு போல முன்தள்ளும் கெரட்டோகோனஸ் உள்ளவர்கள், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஆகாது. பரிசோதனைக்கு முன் சில வாரங்கள் லென்ஸை நிறுத்தச் சொல்வார்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை மாற்றியிருக்கும் என்பதால், இதை மறைத்தால் கணக்கே தப்பாகும்.

சிகிச்சைக்குப் பின் பலருக்குக் கண் வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவது போன்ற தொல்லைகள் வரும். பெரும்பாலும் மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். தொற்று அரிது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வரும்போது, படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

ஆக, தொற்று பயத்தை மட்டும் வைத்து லேசருக்கு ஓட வேண்டியதில்லை. லென்ஸ் தொற்றுகளில் பெரும்பகுதி, பழக்கத்தை மாற்றினாலே தவிர்க்கக்கூடியது. லென்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களும், வேலை காரணமாகச் சுத்தம் பேண முடியாதவர்களும் முழுப் பரிசோதனைக்குப் பிறகு லேசர் பற்றி யோசிக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், லென்ஸ் அணிகிறவர் வீட்டில் சரியான பவரில் ஒரு மூக்குக்கண்ணாடி கட்டாயம் இருக்கட்டும். கண் உறுத்தும் நாளில் லென்ஸைக் கழற்றிவைக்கத் தயங்காமல் இருக்க அதுதான் துணை.