அந்த ஐந்து சதவீதம்

"எல்லாமே நம்ம பொருள்தாங்க. வாசனைக்கு மட்டும் கொஞ்சம் கடைச் சரக்கு."

இயற்கை அங்காடிகளிலும், மதிப்புக்கூட்டல் செய்யும் குழுக்களிலும் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சத்துமாவில் கம்பு, கேழ்வரகு, தினை எல்லாம் நம் தோட்டத்தில் விளைந்தவை; ஏலக்காய் மட்டும் டவுன் மளிகையில் வாங்கியது. கடலை மிட்டாயில் கடலையும் வெல்லமும் இயற்கை. சுக்கு மட்டும் கடைச் சுக்கு. கிலோவுக்கு ஐந்து கிராம், பத்து கிராம் போடும் பொருள்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறார்கள்.

நிறைய வருகிறது என்பது என் கருத்து. அதை விளக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு கறுப்பு பீர்.

விவசாயப் பத்திரிகையில் பீரா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லி எழுதவில்லை. கள்ளா, பீரா என்கிற வழக்கையும் இங்கே எடுக்கவில்லை. அது தனி வழக்கு. பீரும் விவசாயிகள் விளைவித்த இரண்டு பொருளில் இருந்து வருவதுதான். ஒன்று பார்லி, இன்னொன்று ஹாப்ஸ். அந்த இரண்டாவது பொருளுக்காக அமெரிக்காவில் இயற்கை விவசாயிகள் நடத்திய ஒரு போராட்டம் நம் எல்லோருக்கும் பாடம்.

சில வருடங்களுக்கு முன் ஓரிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். போர்ட்லண்ட் நகரத்தில் தெருவுக்குத் தெரு சின்னச் சின்ன பீர் பட்டறைகள். கிராஃப்ட் பீர் என்கிறார்கள். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லாமல், பின்கட்டில் காய்ச்சி முன்கட்டில் விற்பது. 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், வீட்டுத் தேவைக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள அனுமதித்தது. அப்போது நாடு முழுக்க நூறு பீர் ஆலைகூட இல்லை. இன்று 9,000-க்கு மேல். சின்னவர்களுக்குச் சட்டம் வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே ஒரு சாட்சி.

மாப்பிள்ளை அப்படி ஒரு இடத்துக்கு அழைத்துப் போனார். "மாமா, இது உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியல. ரொம்பக் கசக்கும். ஒரு வாய் பாருங்க" என்றார். நாலைந்து மடக்கு மட்டும் கொள்ளும் சின்னக் கண்ணாடி டம்ளர். பால் கலக்காத முதல் டிகாஷன் மாதிரிக் கறுப்பு. மேலே நுரை மட்டும் வெல்லப்பாகு நிறம். சாதாரண பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் அளவில் இருக்கும்; இதற்குப் பலகையில் 8 என்று எழுதியிருந்தது. பெயர் பிளாக் ஐபிஏ. ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து நம் நாட்டுக்குக் கப்பலில் வந்த பீர் வகை. ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டால் நீண்ட பயணத்தில் கெடாமல் தாங்கும். 'பேல்' என்றால் வெளிறிய நிறம். வெளிறிய பீருக்குக் கறுப்பு என்று அடைமொழி! அதனால்தானோ என்னவோ, ஓரிகன்காரர்கள் தங்கள் மலைத்தொடரின் பெயரால் இதைக் கேஸ்கேடியன் டார்க் ஏல் என்று அழைக்கப் பிரியப்படுகிறார்கள்.

முகர்ந்தால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளின வாசனை; பின்னாலேயே ஊட்டி பைன் மரப் பிசின். வாயில் வைத்ததும் வறுத்த காப்பிக்கொட்டை ருசி வருகிறது. அது அடங்குவதற்குள் கசப்பு ஏறுகிறது. சுண்டைக்காய் வத்தலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்தக் கசப்பு அந்நியமாகப் படவில்லை. விழுங்கின பிறகும் நாக்கின் அடியில் நின்று நிதானமாகப் போகிறது. பெரியவர்கள் ஒரு சின்னத் டம்ளரை அரைமணி நேரம் வைத்துச் சாப்பிடுகிறார்கள். டம்ளர் கொஞ்சம் சூடேறினால் வாசனை இன்னும் விரிகிறது.

இதில் பார்லியின் பங்கு நமக்குப் புரிந்ததுதான். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கிற அதே வேலை. ஊறவைத்து முளைவிட்டு உலர்த்தின பார்லிதான் மால்ட். கறுப்பு நிறத்துக்கு அதில் ஒரு சிறு பங்கை மட்டும் கறுக்க வறுக்கிறார்கள். வறட்டுத் துவர்ப்பு இறங்காமல் இருக்க, உமி நீக்கி வறுத்த மால்ட்டும் கிடைக்கிறது.

மற்ற எல்லாம் ஹாப்ஸ்தான். அது ஒரு கொடிப்பயிர். கஞ்சாவின் குடும்பம், ஆனால் போதை கிடையாது. வருடா வருடம் குளிரில் பட்டுப்போய் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். கோடையில் பகல் நீண்டிருக்கும் நாடுகளில்தான் நன்றாகக் காய்க்கும். நம் நாட்டில் ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். பெண் கொடியின் பூக்கள் சின்னப் பச்சைக் கூம்பு மாதிரி இருக்கும். பிரித்தால் உள்ளே மஞ்சள் தூள். அந்தத் தூளைக் கொதிக்கவிட்டால் கசப்பு. கடைசியில் போட்டால் வாசனை.

வில்லமெட் பள்ளத்தாக்கில் ஒரு ஹாப்ஸ் தோட்டத்தையும் போய்ப் பார்த்தேன். பதினெட்டு அடி உயரத்துக்குக் கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, கம்பியிலிருந்து தரைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறு என்ன தெரியுமா? தென்னை நார்க் கயிறு. இலங்கையிலிருந்து கப்பலில் போகிறது. சொரசொரப்பாக இருப்பதால் கொடி நன்றாகப் பிடித்து ஏறும். அறுவடை முடிந்ததும் கொடிக் கழிவோடு சேர்ந்து மக்கிவிடும். நம் பக்கத்துத் தேங்காய் மட்டைக்கு அப்படி ஒரு வேலை இருப்பது பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த மாதிரி காட்டமான பீர் நூறு லிட்டர் காய்ச்ச, முன்னே பின்னே 25 கிலோ மால்ட் வேண்டும். ஹாப்ஸ் ஒரு கிலோ அளவில் போதும். எடையில் 4 சதவீதம். ஆனால் பலகையில் எழுதி வைப்பது ஹாப்ஸ் ரகத்தின் பெயரைத்தான். கேஸ்கேட், சென்டென்னியல் என்று ரகத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். கேஸ்கேட் என்பது ஓரிகனில் அரசு ஆராய்ச்சியில் உருவாகி 1972-ல் வெளியான பொதுச்சொத்து ரகம். அந்தப் பம்பளிமாஸ் வாசனைக்குப் பேர்போனது அதுதான். எடையில் நாலு சதவீதம், பேரெடுப்பதில் முக்கால்வாசி!

சட்டம் எடையைத்தான் பார்த்தது. அமெரிக்க விதிப்படி, தண்ணீரும் உப்பும் நீங்கலாக எடையில் 95 சதவீதம் இயற்கையாக இருந்தால் 'ஆர்கானிக்' என்று எழுதலாம். மீதி ஐந்தில் எது வேண்டுமானாலும் வரலாமா? மெய்ன் மாநிலத்தில் ப்ளூபெர்ரி பயிரிட்ட ஆர்தர் ஹார்வே என்ற இயற்கை விவசாயி இதை எதிர்த்து வேளாண் துறை மீது வழக்குப் போட்டார். 2005-ல் நீதிமன்றம், இயற்கையில் கிடைக்காத பொருள் என்றால் அதை முறையாகப் பட்டியலிட்டுத்தான் அனுமதிக்க வேண்டும் என்ற நிலையை எடுத்தது. 2007-ல் 38 பொருள்களைக் கொண்ட பட்டியல் வந்தது. நிறத்துக்கான மஞ்சள் சாறு அதில் உண்டு. ஹாப்ஸும் உண்டு.

விளைவைப் பாருங்கள். மருந்தடித்து விளைவித்த ஹாப்ஸைப் போட்டு 'இயற்கை பீர்' என்று எழுதலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஹாப்ஸ் லேசான பயிர் கிடையாது. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், அசுவினி, செஞ்சிலந்தி எல்லாம் வரும். மருந்து இல்லாமல் காப்பாற்றியவனுக்கு ஆள்கூலி கூடும், விளைச்சல் குறையும், விலை ஏறும். ஆலைக்காரர் ஏன் அதை வாங்க வேண்டும்? "இயற்கை ஹாப்ஸ் போதுமான அளவு கிடைக்கவில்லை" என்றார்கள். விவசாயிகளோ, "நீங்க வாங்காததாலதான் நாங்க நடல" என்றார்கள். இரண்டுமே உண்மை. சிக்கலும் அங்கேதான்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் படித்தவன். இந்தச் சிக்கலை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கம்பம், கம்பி, கயிறு, உலர்த்தும் கூடம் என்று முதலீடு பெரிது. நட்ட முதல் வருடம் பெரிய மகசூல் கிடையாது. முழுக் காய்ப்புக்கு மூன்று வருடம் ஆகலாம். ரசாயன நிலத்தை இயற்கைக்கு மாற்ற மூன்று வருடம். இப்படி ஒரு மனு என் மேஜைக்கு வந்திருந்தால் முதல் கேள்வி, "யார் வாங்குவாங்க? எப்போதிருந்து?" என்பதாக இருந்திருக்கும். பதில் இல்லாத மனுவுக்கு எந்த மேலாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

அங்கே விவசாயிகள் சங்கமாகத் திரண்டார்கள். 2009 கடைசியில், ஹாப்ஸைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். 2010 அக்டோபரில் தேசிய இயற்கைத் தர வாரியம் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. நாளைக்கே தடை என்று சொல்லவில்லை. 2013 ஜனவரி 1 முதல், இயற்கை பீரில் இயற்கை ஹாப்ஸ் மட்டுமே என்று நாள் குறித்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் தேதிதான். இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம். ஒரு ஹாப்ஸ் கொடி நட்டுக் காய்ப்புக்கு வரும் காலம். விவசாயி நடலாம், ஆலைக்காரர் ஒப்பந்தம் போடலாம், வங்கி கடன் கொடுக்கலாம். 'கிடைக்கும்போது வாங்கிக்கொள்கிறோம்' என்ற நல்லெண்ணத்தை வைத்து ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. தேதி இருந்தால் திட்ட அறிக்கை எழுதலாம்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கே மொத்த ஹாப்ஸில் இயற்கை ஹாப்ஸ் இன்றும் சிறு பங்குதான். ஆனால் இயற்கை என்று எழுதிய பீரில் கசப்பும் இயற்கையாக இருக்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. அந்தச் சிறு பங்கை விளைவிப்பவனுக்கு ஒரு வாசல் திறந்தது.

இனி நம் பொட்டலத்தைப் பிரிப்போம். நம் நாட்டுச் சான்றிதழ் விதியிலும் 95 சதவீதக் கணக்கு உண்டு. சான்றிதழே இல்லாமல் நம்பிக்கையில் விற்பவர்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. சத்துமாவைத் திறந்ததும் முதலில் மூக்குக்கு வருவது ஏலக்காய். வாங்குகிறவர் நினைவில் நிற்பதும் அதுதான். மலைப்பயிர்களில் மருந்தடிப்பு அதிகம் என்று பேரெடுத்த பயிரும் ஏலக்காயே. கைக்குழந்தைக்குக் கொடுக்கும் மாவில், தானியத்தை மட்டும் இயற்கையாக வைத்துவிட்டு இதைக் 'கொஞ்சம்தானே' என்று விடலாமா?

ஊட்டும் தாயைத் தவிர, நஷ்டப்படும் இன்னொருவரும் இருக்கிறார். மலையில் மருந்தில்லாமல் ஏலம் விளைவித்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் பொது ஏலத்தில் மற்றவரோடு ஒரே விலைக்குக் கொட்டிவிட்டு வரும் நம்மைப் போன்ற ஒரு விவசாயி. அவர் சரக்கை நம் குழுக்களே வாங்காவிட்டால் வேறு யார் வாங்குவார்கள்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "சார், ரொம்ப இறுக்கினா சின்னக் குழுவெல்லாம் கடையை மூடிட்டுப் போயிடும். விலை ஏறிடும்" என்பார்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் தேதி என்கிறேன். நாளைக் காலையிலேயே நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கும் போட்டுப் பாருங்கள்: கிலோவுக்கு ஐந்து கிராம் போடும் பொருள் இரண்டு மடங்கு விலை ஆனாலும், ஒரு பொட்டலத்தில் ஏறுவது சில ரூபாய்தான். சிறிய அளவு என்பதுதானே அவர்கள் சொல்லும் சமாதானம்? அதே சிறிய அளவுதான் செலவைத் தாங்கக்கூடியதாகவும் ஆக்குகிறது.

என் யோசனை மூன்று. ஒன்று, பொட்டலத்தில் எது இயற்கை, எது கடைச் சரக்கு என்று பொருள் பொருளாக அச்சிடுவோம். மறைக்க ஒன்றும் இல்லையே. இரண்டு, ஒவ்வொரு குழுவும் வருடத்துக்கு ஒரு பொருளுக்கு நாள் குறிக்கட்டும். இந்தத் தை முதல் ஏலக்காய், அடுத்த தை முதல் சுக்கு, அதற்கடுத்து எள் என்று. எந்தப் பயிர் காய்க்க எத்தனை காலமோ அத்தனை அவகாசம். மூன்று, அந்தத் தேதியையும் வேண்டிய அளவையும் இந்தப் பத்திரிகை வழியாக முன்கூட்டியே அறிவிப்போம். கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு நட முடிய வேண்டும்.

அரசு சட்டம் போடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பொட்டலத்துக்கு நாமே தேதி போட்டுக்கொள்ளலாம். உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பொருளை எடுத்து, ஒரே ஒரு தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எங்கள் குழுவில் ஏலக்காயை எழுதச் சொல்லியிருக்கிறேன்.