லைனரை விட்டுடலாமா, உருவிடலாமா?

'பெர்மனென்ட் கேசிங், டெம்பரரி கேசிங்: வேறுபாடு எழுதுக' என்று கேட்டால் நாம எல்லாரும் ஒரு டேபிள் போட்டு நாலு பாயின்ட் எழுதி மார்க் வாங்கிடுவோம். ஆனா சைட்டில் இந்தக் கேள்வி டேபிளாக வராது. "சார், லைனர் சிக்கிக்கிச்சு" என்றுதான் வரும்.

ட்ரெயினிங் போன பாலம் சைட்டில் அப்படித்தான் வந்தது. 1 மீட்டர் விட்டமுள்ள பைல், பாறைக்குள் 3 மீட்டர் சாக்கெட். மண் சரியாமல் இருக்க இறக்கிய லைனர் பாறைக்குள்ளும் 1 மீட்டர் போய் மாட்டிக்கொண்டது. "விட்டுடுங்க, இரும்புதானே, எக்ஸ்ட்ரா ஸ்ட்ரென்த்" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்க. சாக்கெட்டின் பக்கப் பரப்பு சுமார் 9.4 ச.மீ., அடிப்பரப்பு 0.79 ச.மீ. மட்டும். பேச்சுக்குப் பக்க உராய்வு ச.மீ.க்கு 30 டன் என்று வைத்தால், பக்கச்சுவர் மட்டும் 280 டன் தாங்குது. துளையிட்ட பாறைச்சுவர் சொரசொரப்பா இருக்கும். கான்கிரீட் அதைக் கடித்துப் பிடிக்கும். நடுவில் வழவழப்பான இரும்பும், அதற்கு வெளியே சேறு நிரம்பிய இடைவெளியும் வந்தால் அந்தப் பிடி போச்சு. 1 மீட்டருக்கு 94 டன் காலி! அடிப்பகுதி காப்பாற்றும் என்றால், அங்கே வண்டல் தங்கியிருந்தால் அதுவும் சந்தேகம்தான்.

அதுக்காக டெம்பரரிதான் எப்பவும் நல்லது என்று சொல்ல வரலை. லைனரை உருவும்போது கான்கிரீட் மட்டம் லைனரின் கீழ்முனைக்கு மேலே போதுமான உயரத்தில் இருக்கணும். கான்கிரீட் இறுக ஆரம்பித்த பிறகு இழுத்தால் அதுவும் கூடவே மேலே வரும். பைலின் இடுப்பு சிறுத்துடும், மண்ணும் உள்ளே புகுந்துடும். மிக்சர் வண்டி டிராஃபிக்கில் நின்றால் போதும், இது நடக்கும். ஆற்றுத் தண்ணீருக்குள் நிற்கும் பைலுக்கும், பிதுங்கும் களிமண்ணுக்கும், சிமென்டை அடித்துப் போகும் நிலத்தடி நீரோட்டத்துக்கும் பெர்மனென்ட் லைனர்தான் சரி. செலவு உண்டு: 6 மி.மீ. தகடு என்றால் இந்த விட்டத்துக்கு மீட்டருக்குச் சுமார் 148 கிலோ இரும்பு மண்ணுக்குள் போகுது. ஆனா கெட்டுப்போன பைலைவிட அது மலிவு.

என் கருத்து இதுதான். கேசிங் மண்ணுக்கு, சாக்கெட் பாறைக்கு. லைனர் பாறையின் தலையில் உட்கார்ந்து மண்ணை அடைத்தால் போதும். உட்காருவதற்காக உள்ளே போகும் கொஞ்ச நீளத்தை உராய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேல்பாறை சிதைந்திருந்து லைனர் இன்னும் கீழே போயே ஆகணும் என்றால், சாக்கெட்டும் அதே அளவு கீழே போகணும். எடுப்பதா விடுவதா என்பதை டிசைனர் டிராயிங்கிலேயே எழுதணும். சைட்டில் மாற்றினால், கான்கிரீட் போடும் முன்பே அவருக்குத் தகவல் போகணும்.

அன்று அந்த லைனரை விட்டதில் தப்பில்லை. "அப்போ இன்னும் 1 மீட்டர் துளைக்கணுமே" என்று யாரும் கேட்காததுதான் தப்பு. ரிக் அங்கேயேதான் நின்றது. நாளைக்கு அந்த இடத்தில் நீங்க நிற்பீங்க. தலையாட்டும் முன்னாடி ஒருமுறை கேட்டுடுங்க.