கரந்த படை

என்னிடம் நன்னூற் பாடங் கேட்ட மாணாக்கர் ஒருவர் அமெரிக்காவிலே ரெக்சாஸ் மாநிலத்திற் குடியுரிமை பெற்று, ஒரு பெற்றோல் நிலையத்தில் இராக்கடமை பார்த்து வருகின்றார். சென்ற மாதம் அவர் எழுதிய கடிதத்திலே, "ஐயா, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு செல்லத்தக்க சிறு கைத்துப்பாக்கி ஒன்று தெரிந்துகொண்டிருக்கின்றேன். இங்ஙனம் கொண்டு செல்வதற்குத் தமிழில் என்ன பெயர் கூறலாம்?" என்று கேட்டிருந்தார். இலக்கண ஐயம் கேட்பவர் போலவே கேட்டுவிட்டார். எனக்கு இரண்டு இரவு உறக்கமில்லை.

அந்நாட்டில் இது குற்றமன்று. ரெக்சாசிலே 2021 செப்டெம்பர் முதலாக, சட்டத் தடையில்லாத 21 வயதினர் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கி தரிக்கலாம். சிறப்பான காரணங் காட்டினோர்க்கே அனுமதி என்றிருந்த நியூயோர்க்கின் பழைய விதியையும் 2022 இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆயினும் அந்நாட்டார் முன்னாளிற் கொண்ட மனம் வேறு. 1813 இலே கென்ரக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் ஆயுதத்தை மறைத்துத் தரித்தலையே தடுத்தன. வெளிப்படத் தரிப்பவனை அவை விட்டுவிட்டன. மறைப்பவன் மனத்திலே தீங்குண்டு என்பது அக்காலத்தார் துணிபு போலும். இன்றோ, பிறர் கண்டு அஞ்சாதபடி மறைத்தலே நாகரிகம் என்று அங்குப் பலர் வாதிக்கின்றனர்.

மாணாக்கர் தம் தெரிவையும் விரித்தெழுதியிருந்தார். ஐந்து ரவை கொள்ளும் குறுங்குழல் ரிவோல்வர் ஒன்று. 2018 இல் வெளிவந்த சிக் சவர் பி365 என்பது மற்றொன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறு கருவியின் ரவைக்கூடு பத்து ரவை கொள்ளுமாம். சிறியது, பாரமற்றது, ஒருவருக்கும் தெரியாது என்பன அவர் கண்ட குணங்கள். அக்குணங்களே குற்றங்களுமாகும். பாரங் குறையக் குறையச் சுடுபவன் கையிற் பின்னுதைப்பு மிகும். குழல் குறுகினால், குறிபார்க்கும் முன்முனையும் பின்முனையும் நெருங்கிவிடும். கையின் சிறு பிழையும் இலக்கிலே பெரும் பிழையாய் முடியும். பிடி சிறிதாயின் விரலுக்கு இடம் போதாது. ஆதலின் மறைத்தற்கு எளியது சுடுதற்கு அரியது. இதனைக் கடைக்காரர் கூறினாரோ, அறியேன்.

இவ்வகைக் கருவிக்கு ஆங்கிலத்திலே டெரிஞ்சர் என்றொரு பெயருண்டு. பிலடெல்பியா நகரிலே துப்பாக்கி செய்த ஹென்றி டெரிஞ்சர் என்பவரின் பெயரே, ஓரெழுத்து இரட்டித்து, அவர் செய்பொருளுக்கும் அதனைப் போன்ற பிறவற்றுக்கும் ஆயிற்று. கருத்தாவாகுபெயருக்கு இதனினும் துயரமான உதாரணம் நான் அறிந்ததில்லை. 1865 ஏப்பிரல் 14 ஆந் திகதி இரவு, வாசிங்டனில் போர்ட் நாடக அரங்கிலே லிங்கனைக் கொன்ற கருவி அவர் செய்தது. ஒரு முறையே சுடவல்லது. ஏறத்தாழ ஆறங்குல நீளம். அதனைக் கொண்டு புகுந்த பூத் என்பவன் புகழ்பெற்ற நடிகன். அரங்கிலே பலரும் அவன் முகத்தை அறிவர். கருவியை மறைத்தது அவன் சட்டை மாத்திரமா? அறிந்த முகமும் அன்றோ!

இதனை நினைக்குந்தோறும் சேக்கிழார் காட்டிய முத்தநாதன் எனக்கு முன்னே வந்து நிற்கின்றான். அவன் மேனியெங்கும் நீறு பூசி, புத்தகக் கட்டினுள்ளே வாளை ஒளித்து, மெய்ப்பொருள் நாயனாரின் பள்ளியறை வரை சென்றான். காவலன் தத்தன் காலமன்று என்று தடுத்தும் கேட்டிலன். நூலைக் கையிலேந்தி வாழும் எம்போலியர்க்கு அக்கட்டு எப்பொழுதும் நெஞ்சை உறுத்துவது.

என் மாணாக்கர் முத்தநாதன் அல்லர், பூத்தும் அல்லர். நள்ளிரவிலே கல்லாப்பெட்டியருகே தனித்து நிற்பவர். அவர் அச்சம் பொய்யன்று. கதவைத் தாழிட்டு உறங்குகின்ற நான் அவரை நோக்கி வீரம் பேசுதல் தகாது. ஆனால் துப்பாக்கி நிலையத்தோடு நின்றுவிடுமா? விடியும்போது அவரோடு வீட்டுக்கும் வருமே! அந்நாட்டிலே துப்பாக்கியால் இறப்போரிற் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டோர். இந்தக் கணக்கு அவர் கடிதத்தில் இல்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். கரவு என்றால் மறைவு, வஞ்சனையும் அதுவே. தமிழ் இரண்டையும் ஒரு சொல்லுள் வைத்துவிட்டது. பதிற்றுப்பத்திலே மெய்ம்மறை என்றொரு சொல் உண்டு. கவசம் என்பது பொருள். அது மெய்யை மறைத்துக் காப்பது. இவர் கேட்பதோ மெய்யும் சட்டையுமாய்ச் சேர்ந்து மறைக்கும் பொருள். அதற்கு அச்சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று மறுமொழி எழுதினேன். "தம்பி, சொல் அகப்படவில்லை. அகப்பட்ட சொல்லை உம்முடைய பெயரோடு சேர்த்தெழுத விரும்பவில்லை. இராக்கடமைக்கு இன்னொருவரையும் வைக்கும்படி முதலாளியிடம் கேட்டீரா? மகன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று முன்பொருமுறை எழுதினீர். வீட்டிலே பூட்டுள்ள பெட்டி இருக்கின்றதா? திறப்பு யார் கையில்?"