பல்லுத்தானே என்று சிரிக்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம். ஒரு தாய் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே என்னோடு கதைத்தார். "வாய்க்குள்ள ஏதும் வருத்தமா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல சேர், முன்பல்லு ரெண்டும் இல்ல. பிடுங்கி மூணு வருஷம். கட்டக் காசில்ல" என்றார். மகனின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்தவர், பாதிக் கேள்வியை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை நண்பர்கள் சிலரிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். "பல்லுத்தானே சேர்! கல்யாணம் முடிச்ச பொம்பிளைக்கு இனி என்னத்துக்கு?"

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

கண் தெரியாதவர் கண்ணாடி போட்டால் யாரும் சிரிப்பதில்லை. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால் கொடுத்தால், வன்னியில் அதன் அருமை தெரியாதவர் இல்லை. பல் மட்டும் ஏன் ஆடம்பரம்? மென்று தின்ன, திருத்தமாகக் கதைக்க, நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டிய உறுப்பு அது.

ஒரு பல்லைப் பிடுங்கினால் கதை அதோடு முடிவதில்லை. பக்கத்துப் பல் மெல்ல மெல்ல அந்த இடைவெளிக்குள் சாயும். எதிர்த்தாடைப் பல் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் நீண்டு வரும். பல் இருந்த இடத்து எலும்பு தேயும். சாய்ந்த பல்லின் இடுக்கில் சாப்பாடு தங்கி அதுவும் சூத்தையாகும். இன்று ஒன்று, சில வருஷத்தில் மூன்று. "பிறகு பார்ப்பம்" என்று விட்டால் செலவு கூடுமே தவிரக் குறையாது.

இதற்கு ஒரு வழிதான் பற்பாலம். கொக்கிளாயில் பாலம் என்றால் எல்லாருக்கும் முகத்துவாரம்தான் ஞாபகம் வரும். புல்மோட்டையிலிருந்து வள்ளத்தில் கடந்து படிப்பிக்க வருகிற எனக்கும் அப்படித்தான். வேலையும் அதே மாதிரித்தான். இரண்டு கரையிலும் உறுதியான பல் வேண்டும். அந்த இரண்டையும் சுற்றிவரச் செதுக்கி, அவற்றின் மேல் உறை போட்டு, நடுவில் செயற்கைப் பல்லைத் தொங்கவிட்டு, மூன்றையும் ஒரே துண்டாக ஒட்டுவார்கள். கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் பத்து வருஷத்துக்கு மேலும் நிற்கும்.

எல்லாரும் போய்ப் பாலம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செதுக்கிய நல்ல பல் திரும்ப வளராது. கரைப் பல் ஆடினால் பாலமும் ஆடும். முன்பல்லுக்கு, அதிகம் செதுக்காமல் பின்பக்கத்தில் ஒட்டுகிற வகையும் உண்டு. வசதியில்லாதவருக்குக் கழற்றி மாட்டும் கட்டுப்பல் நல்ல தீர்வுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது பொருந்தும் என்பதை வைத்தியர் சொல்லவேண்டும். எங்கள் சனத்துக்கு அந்த வைத்தியரிடம் போய்க் கேட்கிற வாய்ப்பே இல்லை என்பதுதான் என் கோபம்.

அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் யார் வருகிறார்கள்? "ஒரு மணித்தியாலத்தில் நிரந்தரப் பல்" ஆட்கள். அனுபவப்பட்டவன் சொல்கிறேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் கிரிக்கெட் பந்து பட்டு எனக்கு முன்பல் ஒன்று போனது. கையில் காசில்லை. டவுனில் ஒரு சின்னக் கடையில், எக்ஸ்ரேயும் இல்லை ஒன்றுமில்லை, ஒரு கம்பியும் பிளாஸ்டிக் மாவும் வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிட்டார் ஒருவர். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் சந்தோஷம்தான். பிறகு வாய் நாறத் தொடங்கியது. முரசு வீங்கி இரத்தம் வந்தது. பிளாஸ்டிக்குக்குக் கீழே பிரஷ் போகாது, நூல் போகாது, அழுக்கு மட்டும் போகும். இரண்டு வருஷத்தில் பக்கத்தில் இருந்த நல்ல பல்லும் ஆடி, அதையும் பிடுங்கவேண்டி வந்தது. ஒரு பல்லை நிரப்பப் போய் இரண்டு பல் இல்லாதவனாக வந்தேன்.

ஆகவே பிள்ளைகளே, தம்பிமாரே, தங்கச்சிமாரே: பல்லில் கை வைக்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. "அல்லாஹ் எடுத்த பல்லை நாம் வைக்கலாமா?" என்று. அர்ஃபஜா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சம்பவத்தை மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியில் மூக்கு வைத்து, அது நாறியபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளுமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. பல் கட்டுவதற்கு உலமாக்கள் காட்டுகிற ஆதாரமே அதுதான். இழந்த உறுப்பைச் சீராக்குவது வைத்தியம். மிஸ்வாக்கை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கம் வாயைக் கைவிடச் சொல்லுமா?

இப்போது அரசாங்கத்துக்கு. எங்கள் நாட்டில் இலவச சுகாதாரம் உண்டு, அதில் எனக்குப் பெருமை. ஆனால் ஊர்ப்புறத்தில் அந்த இலவசம் பல்லைப் பிடுங்குவதோடு நின்றுவிடுகிறது. பேராதனைப் பல் மருத்துவ பீடமும் கொழும்புப் பல் வைத்தியசாலையும் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத குடும்பம், இரண்டு மூன்று தடவை அங்கே போய்வருமா? தனியாரிடம் போனால் பாலத்துக்கு அலகு அலகாகக் கணக்கு. ஒரு பல் போனால் மூன்று அலகு. அந்த அக்காவின் இரண்டு பல்லுக்கு நான்கு.

கேட்பது பெரிய விஷயமில்லை. மாவட்டத்துக்குள் மாதம் ஒரு நாளாவது பல் கட்டும் கிளினிக். நடமாடும் பற்சிகிச்சை கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி வரை வரவேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சை ஒழுங்காக நடந்தால் பாதிப் பல் பிடுங்கவே தேவைப்படாது. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், கடற்றொழிலாளர் சங்கம் எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கொடுப்போம். எழுதுவது என் பொறுப்பு. கையெழுத்து உங்கள் பொறுப்பு.

எங்கள் பக்கத்துக் குற்றமும் இருக்கிறது. நோவு வந்தால் "பிடுங்கிப்போடுங்க டொக்டர்" என்று கேட்பதும் நாங்கள்தான். அடைக்கக்கூடிய பல்லா என்று முதலில் கேளுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலையை விடுங்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்று 2004 இலேயே அறிவித்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி போடுகிற கையையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

அந்த அக்கா இதை வாசிக்கமாட்டார். அவருடைய மகன் வாசிப்பான். தம்பி, அடுத்த கூட்டத்துக்கு உம்மட அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும். அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் தருகிறேன். சிரிக்கிற பொம்மை மட்டும் போடாதீர்கள்.