நாயின் முழங்காலும் எங்கள் கைக்காசும்



சென்ற மாதம் பாண்டிருப்பில் நடந்த மாதர் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, "நாய்க்குக் கால் ஆப்பரேசன் செய்யக் குழுக்கடன் எடுக்கலாமா மகள்?" என்று என்னிடம் கேட்டார். கூட்டம் சிரித்தது. இன்னொரு சகோதரி சிரிக்கவில்லை. "மனிசருக்கே கால் இல்லாத ஊரில நாய்க்குக் காலா?" என்று கேட்டார். யுத்தத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர் அவர். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

கடன் கேட்ட அக்காவின் நிலைமையும் அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். 1990இல் கணவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டைக் கொண்டு போனது. மகன் கட்டாரில். இரவில் அந்த வளவில் அவரும் மணி என்ற நாயும் மட்டும்தான். படலையடியில் ஆள் நின்றால் மணி குரைக்கும், அது குரைத்தால் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இது செல்லப்பிராணி வளர்க்கும் பொழுதுபோக்கு அல்ல. மணி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கத் தொடங்கியதும் அக்காவுக்கு நித்திரை போனதில் ஆச்சரியமில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் விசாரித்தபோது, முழங்கால் சவ்வு அறுந்திருந்தால் சத்திரசிகிச்சைக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும் என்றார்களாம். மகனோ தொலைபேசியில், "வேற குட்டி ஒன்டு எடுங்க அம்மா" என்று முடித்துவிட்டான்.

இந்த விடயத்தைப் பற்றி ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை இந்த மாதம் எழுதுகிறேன். மற்றச் சகோதரிகளுக்கும் உதவலாம்.

முழங்கால் மூட்டுக்குள்ளே இரண்டு எலும்புகளையும் இழுத்துப் பிடிக்கும் நார் போன்ற பட்டிகள் இருக்கின்றன. வைத்தியர்கள் லிகமன்ட் என்பார்கள், நாங்கள் சவ்வு என்கிறோம். நாய் எப்போதும் முழங்காலை மடித்தபடியே நிற்கும் பிராணி. அதன் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்கப் பார்க்கும், சவ்வு அதைப் பிடித்துக்கொள்ளும். பந்து விளையாடும் மனிதருக்கு ஒரே திருகலில் அறுவதுபோல நாய்களுக்குப் பெரும்பாலும் நடப்பதில்லை. மாதக் கணக்கில் நைந்து நைந்து ஒருநாள் அறும். நாள்பட்ட கயிறு அறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் பருத்த நாய்களில் இது கூட. ஒரு காலில் அறுந்த நாய்களில் 100க்கு 40 முதல் 60 வரையானவற்றுக்குப் பிறகு மற்றக் காலிலும் அறுவதாக மிருக வைத்திய நூல்கள் சொல்கின்றன. காசு எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

ஆனால் நொண்டும் நாய்க்கெல்லாம் சவ்வு அறுந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் பாதத்தைப் பாருங்கள். முள், உடைந்த நகம், கண்ணாடி வெட்டு இருக்கலாம். மோட்டார் சைக்கிள் அடித்து எலும்பு முறிந்திருக்கலாம், இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். சவ்வு அறுந்த நாய் நிற்கும்போது விரல் நுனியை மட்டும் நிலத்தில் தொடும், உட்காரும்போது அந்தக் காலை மடிக்காமல் பக்கவாட்டில் நீட்டிவைக்கும், சில வாரங்களில் அந்தத் தொடை மெலியும். இதை உறுதிப்படுத்துவது வைத்தியரின் கைதான். தொடை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை மேசை லாச்சியை இழுப்பதுபோல முன்னே தள்ளிப் பார்ப்பார். வழுக்கினால் சவ்வு அறுந்திருக்கிறது. எக்ஸ்றேயில் சவ்வு தெரியாது. மூட்டு வீக்கமும் எலும்புத் தேய்வும்தான் தெரியும். ஆகவே எக்ஸ்றே எடுக்கச் சொன்னால், எதைப் பார்ப்பதற்கு என்று கேளுங்கள். எலும்பு முறிவு இருக்கிறதா என்று பார்க்கவும் சத்திரசிகிச்சையைத் திட்டமிடவும் அது தேவைதான். கேட்பதில் வெட்கம் என்ன, காசு உங்களுடையது.

அறுந்த சவ்வைத் தைத்து ஒட்ட முடியாது. மூட்டை வேறு வழியில் உறுதியாக்குவதுதான் சத்திரசிகிச்சை. ஒரு முறையில் மூட்டுக்கு வெளிப்புறமாகத் தடித்த நைலோன் நூலைக் கட்டி இறுக்குவார்கள். அந்த நூல் என்ன தெரியுமா? வெளிநாடுகளில் மிருக வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பாவித்தது பெரிய மீன் பிடிக்கும் தூண்டில் நைலோனை, கிருமி நீக்கி. எங்கள் கரைவலைக்காரர் தங்கூசி என்று சொல்லும் அதே இனம்! நூல் கொஞ்சக் காலத்தில் தளரும், அதற்குள் மூட்டைச் சுற்றித் தழும்பு தடித்துப் பிடித்துக்கொள்ளும். மற்றது எலும்பையே வெட்டித் திருப்பி, சரிவைக் குறைத்து, உலோகத் தகடும் ஆணியும் போடும் முறை. அமெரிக்காவில் பார்க்லே ஸ்லோக்கம் என்ற மிருக வைத்தியர் 1993இல் வெளியிட்டது. பாரமான நாய்களுக்கு இதை விரும்புகிறார்கள். அந்த நாட்டில் இதற்கு ஒரு காலுக்கே பல ஆயிரம் டொலர் எடுக்கிறார்கள். தகடு, ஆணி, மயக்கமருந்து எல்லாம் எங்கள் நாட்டுக்கு இறக்குமதி. 2022இல் ரூபாய் விழுந்தபோது இவற்றின் விலை எங்கே போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, மாவும் எண்ணெயும் வாங்கிய உங்களுக்குத் தெரியும்.

மனிதருக்கு அரச வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும் நாடு இது. விலங்குக்கு அப்படி முழங்கால் வெட்டித் தரும் இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமாக அமைந்தவை. ஆனாலும் அங்கே ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார், முதலில் அவரிடமே காட்டலாம். பெரிய சிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அம்பாறை, மகியங்கனை தாண்டி மலையேற வேண்டும். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள், வான் பிடிக்க வேண்டும். காட்ட ஒருமுறை, வெட்ட ஒருமுறை, தையல் பிரிக்க, எலும்பு ஒட்டியதா என்று பார்க்க என்று போய்வந்தால் வான் கூலியே சிகிச்சைக் காசை எட்டிப்பிடிக்கும். பிறகு இரண்டு மூன்று மாதம் நாயைத் துள்ளவிடாமல் காக்கவேண்டும். அந்த வேலைக்கு யாரும் விலை போடுவதில்லை, ஏனென்றால் அதைச் செய்வது பெண்.

இப்போது அந்த அக்காவுக்குச் சொன்னதற்கு வருகிறேன். "மணி எத்தனை கிலோ?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அரிசிக்கடைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துப் பார்த்தோம். 13 கிலோ.

இந்த எண்ணுக்குப் பெறுமதி உண்டு. 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சவ்வு அறுந்த 85 நாய்களைச் சத்திரசிகிச்சை இல்லாமலே வைத்துப் பார்த்தார்கள். 15 கிலோவும் அதற்குக் குறைவுமான நாய்களில் 85 வீதமானவை சுகமாயின அல்லது தேறின. அதைவிடப் பெரிய நாய்களில் தேறியவை ஐந்தில் ஒன்றுதான். 2013இல் எடை கூடிய 40 நாய்களை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், எல்லா நாய்க்கும் எடை குறைத்துப் பயிற்சியும் மருந்தும் கொடுத்தபோது, ஒரு வருடத்தில் சத்திரசிகிச்சை செய்தவற்றில் நான்கில் மூன்றும் செய்யாதவற்றில் மூன்றில் இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் நல்ல நிலைக்கு வந்தன. சத்திரசிகிச்சை மேல்தான். ஆனால் காசில்லாதவர் நாயைக் கைவிட்டார் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

ஆகவே கடன் வேண்டாம் என்றேன். ஒரு இலட்சத்துக்கு ஆண்டுக்கு 30 வீத வட்டி என்றாலே 30,000 ரூபாய், அதுவும் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்பார்கள். அவர் கட்டாவிட்டால் கூடக் கையெழுத்து வைத்தவர்கள் கட்டவேண்டும். சிரித்த சகோதரிகளும் அந்தக் கையெழுத்தில் இருக்கிறார்கள். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது எதனால் என்று நினைத்துப் பாருங்கள். மகன் மனமுவந்து அனுப்பினால், அல்லது சீட்டு விழுந்து கையில் காசு இருந்தால் அது வேறு. அப்போது யார் சிரித்தாலும் செய்யலாம்.

கடன் இல்லாத வழி இதுதான். கல்முனையிலிருந்து வந்த மிருக வைத்தியர் காலை இழுத்துப் பார்த்துச் சவ்வுதான் என்றார். ஆறு முதல் எட்டுக் கிழமை மணியைக் குறுங்கயிற்றில் கட்டி வைப்பது. சீமெந்துத் தரையில் வழுக்கும், ஆகவே குசினிப் பத்தியில் மணல் தரையில். சலம் கழிக்க மட்டும் கயிற்றோடு மெதுவாக நடத்துவது. படியில் ஏறவோ வேலி பாயவோ பூனை துரத்தவோ கூடாது. சோற்றைக் குறைப்பது: விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. நோவுக்கு வைத்தியர் தந்த மருந்தை மட்டும் கொடுப்பது. பனடோல், இபுபுரூபன், டைக்குளோபினாக் போன்ற எங்கள் குளிசைகளைக் கொடுத்துவிடாதீர்கள் சகோதரிகளே. நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரைப்பையில் இரத்தம் கசியும். பூனைக்குப் பனடோல் கொடுத்தால் செத்தே போகும். எட்டுக் கிழமைக்குப் பிறகும் காலை ஊன்றாவிட்டால் மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருக்கலாம், அப்போது திரும்பக் காட்டவேண்டும். நன்றாக ஊன்றினாலும் மூட்டுத் தேய்வு வரத்தான் செய்யும். மாரியில் கொஞ்சம் நொண்டும்.

மருதமுனைச் சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வீட்டுக்குள் நாய் வளர்ப்பதில்லை. தாகத்தால் நாக்குத் தள்ளிய நாய்க்குக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த ஒரு பாவிப் பெண்ணை இறைவன் மன்னித்ததாக நபிமொழி இருப்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் படிக்கிறோம். அந்தப் பாரதத்தின் கடைசியில் தருமர், தன்னோடு நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குத் தேரேற மறுக்கிறார். கூட்டத்தில் சிரித்தவர்களில் பலர் தீ மிதித்தவர்கள்.

மணி இப்போது ஐந்தாவது கிழமையில் இருக்கிறது, விரலை ஊன்றத் தொடங்கிவிட்டது. கால் இழந்த அந்தச் சகோதரி, தனது ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பர் மூடியை மாற்ற யாரிடம் போவது என்று அதே கூட்டத்தில் கேட்டார். சிரிப்புச் சத்தத்தில் அது பலருக்குக் கேட்கவில்லை. அவருக்குப் புதிய மூடி இரண்டு கிடைத்துவிட்டது. உங்களில் யாருக்கும் தேவையென்றால் அடுத்த கூட்டத்துக்கு ஊன்றுகோலைக் கொண்டு வாருங்கள், அளவு பார்க்க வேண்டும்.